தூள் என்றால் குப்பையா?

குன்றத்தூர் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் இயற்கை வாழ்வியல் பேச்சாளர் மைக்கைப் பிடித்தால் அரை மணி நேரத்துக்குள் அந்த வசனம் வந்துவிடுகிறது: "நல்ல இலையெல்லாம் கப்பலேறிப் போகுது, ஃபேக்டரித் தரையில கூட்டி அள்ளின குப்பையைத்தான் பாக்கெட்டுல அடைச்சு நம்ம தலையில கட்டுறான்." பல வருடங்களாக வாட்ஸ்அப்பில் சுற்றும் பேச்சுதான். ஒரகடம் ஷிப்ட் பஸ்ஸுக்காக விடியற்காலையில் டீக்கடை வாசலில் நிற்பவர்களும் இதை நம்பிச் சொல்கிறார்கள்.

கப்பல் கதை கணக்கில் நிற்காது. 2023இல் இந்தியாவில் விளைந்த தேயிலை சுமார் 139 கோடி கிலோ. ஏற்றுமதியானது சுமார் 23 கோடி கிலோ. ஆறில் ஒரு பங்கு. மீதியை நாம்தான் குடித்தோம்.

குப்பை என்ற பழிதான் பெரிய அநியாயம். பறித்த கொழுந்தை வாட்டி, பற்கள் வெட்டிய இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டுகிறார்கள். 1930களில் அசாமில் பிறந்த இந்த முறைக்கு சி.டி.சி. என்று பெயர். பிறகு அது காற்றுப்பட்டுச் சிவந்து, உலர்த்தியில் காய்ந்து, சல்லடைக்கு வருகிறது. பெரிய குருணை மேல்தட்டில் நிற்கும். கடைசியில் இறங்கும் பொடிதான் 'டஸ்ட்'. அதே கொழுந்து, அதே உலை. வேறுபடுவது சல்லடைக் கண் மட்டும். அரிசியை உடைத்தால் நொய், திரித்தால் மாவு. மாவைக் களத்துக் கூட்டல் என்று யாராவது சொல்வார்களா?

குன்னூர் ஏலத்தில் இலை ரகத்துக்கும் டஸ்ட் ரகத்துக்கும் தனித்தனி விற்பனை. கொச்சி ஏலமோ டஸ்ட்டுக்கே பேர்போனது. குன்னூரில் பல வாரங்களில் இலையைவிட டஸ்ட்தான் கூடுதல் விலைக்குப் போகிறது. குப்பைக்கா வியாபாரிகள் போட்டி போட்டு விலை ஏற்றுவார்கள்? நிஜக் கழிவுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. கூட்டி அள்ளியது, பஞ்சு, நார், காம்பு ஆகியவற்றைத்தான் 1959ஆம் ஆண்டின் தேயிலைக் கழிவுக் கட்டுப்பாட்டு ஆணை கழிவு என்கிறது. அதை வாங்கவும் விற்கவும் உரிமம் வேண்டும்.

தெற்கே டஸ்ட்டுக்கு ஏன் இத்தனை கிராக்கி என்பதற்கு டீக்கடையிலேயே விடை இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் குருணையை அரை மில்லிமீட்டராக உடைத்தால் எட்டுத் துண்டாகும். தண்ணீர் படும் பரப்பு இரு மடங்காகும். மாஸ்டர் துணி வடிகட்டியில் தூளைப் போட்டு, பாய்லர் வெந்நீரை ஊற்றி, ஒரு தூக்குத் தூக்கி இறக்குகிறார். அரை நிமிடத்தில் செம்மண் நிறத்தில் டிகாஷன் இறங்குகிறது. முழு இலை அதற்குள் ஊறி முடிக்காது. பஸ் நிற்காது.

டீத்தூளில் இரும்புத்தூள் கலந்திருக்கிறது என்று சுற்றும் வீடியோவுக்கு ஒரு வரி போதும்: உருளை தேய்வதால் வருவது அது, கிலோவுக்கு 150 மில்லிகிராம்தான் அனுமதி.

இதே பேச்சாளர்கள் பாக்கெட்டை விட்டுவிட்டு மூட்டையில் வரும் உதிரித் தூளை வாங்கச் சொல்வதுதான் கோபத்தைக் கிளப்புகிறது. கோவையிலும் திருப்பூரிலும் உணவுப் பாதுகாப்புத் துறையினர் சாயம் ஏற்றிய தூளை மூட்டை மூட்டையாகப் பிடித்திருக்கிறார்கள். நனைத்த வெள்ளை டிஷ்யூ காகிதத்தில் ஒரு சிட்டிகை தூவினால் தெரிந்துவிடும். சாயத் தூள் பட்டதும் ஆரஞ்சுக் கறை பரவும். நல்ல தூள் உடனே நிறம் விடாது. பாக்கெட்டில் தயாரித்தவர் பெயர், உரிம எண், தேதி எல்லாம் இருக்கும். தவறு என்றால் பிடிக்க ஆள் உண்டு. மூட்டைத் தூளுக்கு யாரைப் பிடிப்பது?

பாக்கெட் எல்லாம் ஒரே தரம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் குப்பை என்ற சொல் கம்பெனிகளோடு நிற்பதில்லை. ரேஷன் கடையில் கிடைக்கும் ஊட்டி டீ, நீலகிரியின் சிறு விவசாயிகள் உறுப்பினராக இருக்கும் கூட்டுறவுத் தொழிற்சாலைகளிலிருந்து, அவற்றின் இணையமான இன்ட்கோசர்வ் மூலம் வருகிறது. மலைச்சரிவில் பனியில் நனைந்தபடி கொழுந்து பறிக்கிற அந்தக் குடும்பங்களின் பச்சை இலைக்கு என்ன விலை என்பது, இந்தத் தூள் குன்னூர் ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்பதைப் பொறுத்தே முடிவாகிறது.