கையுறை மாற்ற ஒரு நிமிடம்

வாரம் இரண்டு டயாலிசிஸ் என்றால் வருடத்துக்கு நூறு தடவைக்கு மேல். தடவைக்கு இரண்டு ஊசி. குமரி மாவட்டத்தின் பேச்சிப்பாறையிலிருந்தும் கொல்லங்கோட்டிலிருந்தும் விடியுமுன் பஸ் ஏறி ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்கோ, நாகர்கோவிலின் தனியார் மையங்களுக்கோ, எல்லை தாண்டித் திருவனந்தபுரத்துக்கோ போகிறவர்கள், அந்த இருநூறு ஊசிகளையும் நம்பித்தான் கை நீட்டுகிறார்கள். அவர்களுக்கு ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் வைரஸையும் சேர்த்துக் கொடுத்தனுப்புவது மன்னிக்க முடியாதது.

ஒருவருக்கு ‘பாசிட்டிவ்’ வந்தால் அவரைத் தனி மிஷினுக்கு மாற்றுவதோடு பல இடங்களில் பேச்சு முடிந்துவிடுகிறது. எப்படி வந்தது என்று யாரும் தேடுவதில்லை. ஹெபடைடிஸ் பி-க்குத் தனி அறையும் தனி மிஷினும் வேண்டும்தான். காய்ந்த ரத்தத்திலும் ஏழு நாள் தாக்குப்பிடிக்கும் வைரஸ் அது. சி வைரஸோ பெரும்பாலும் கைகள் வழியாக வருகிறது: கட்டிலுக்குக் கட்டில் மாற்றாத கையுறை, ரத்தம் உறையாமலிருக்கப் பலருக்கும் பொதுவாக எடுக்கும் ஹெப்பாரின் மருந்துக் குப்பி, துடைக்காத கைப்பிடி. ஊழியரைத் திட்டிப் பயனில்லை. ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரே டெக்னீஷியன் ஐந்தாறு பேருக்கு ஊசி கழற்றி, ஐந்தாறு பேருக்குப் போட வேண்டியிருந்தால் கையுறை மாற்றும் அந்த ஒரு நிமிடம்தான் முதலில் பறிபோகும். ஆளைக் கூட்டாமல் சுற்றறிக்கை மட்டும் அனுப்புவது ஏமாற்று.

பணமும் ஒழுங்கும் நிறைந்த சிங்கப்பூரிலேயே 2015இல் பொது மருத்துவமனையின் சிறுநீரக வார்டில் 25 நோயாளிகளுக்கு ஹெபடைடிஸ் சி தொற்றியது. மருத்துவமனை பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது, தனிக்குழு விசாரித்தது, அறிக்கை வெளியானது. நமக்கு வேண்டியது இந்த வெளிப்படைத்தன்மை.

மருந்து இல்லாமல் இல்லை. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் சி-க்கான மாத்திரைகள் இலவசம்; பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வாரத்தில் குணமாகிறது. பி-க்குத் தடுப்பூசி உண்டு. டயாலிசிஸ் தொடங்குமுன்பே போட்டால் நன்றாகப் பிடிக்கும். ஆனால் கண் மஞ்சளாகட்டும், கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாம் என்று காத்திருந்தால், மஞ்சளே தெரியாமல் ஈரல் சுருங்கிவிடும்.

ஆகவே, புதிய தொற்று ஒவ்வொன்றையும் மையத்தின் தவறாகக் கொண்டு சுகாதாரத் துறை விசாரிக்க வேண்டும். அந்த மையத்தில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் எல்லோருக்கும் உடனே சி வைரஸையே தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்ய வேண்டும். எதிர்ப்பொருள் சோதனை சிறுநீரக நோயாளிகளிடம் தவறவிடுவதுண்டு. ஆறு மாதத்தில் எத்தனை பேருக்குப் புதிதாகத் தொற்றியது என்ற எண்ணை, அரசு மையமானாலும் தனியார் மையமானாலும் வாசலில் எழுதி வைக்கட்டும். உலக ஹெபடைடிஸ் தினமான ஜூலை 28க்குள் குமரி மாவட்டத்தில் அந்தப் பலகைகள் தொங்க வேண்டும்.