பத்துக் குடத்தின் கணக்கு

ஆயுத பூஜை நெருங்கினால் திருவெண்ணெய்நல்லூர்த் தெருக்களில் லாரிகள் குளிக்கத் தொடங்கும். வீட்டில் குழாயும் ஹோஸ் பைப்பும் இல்லாதவர் என்ன செய்வது? நீர் ஓடும் நாளாயின் மலட்டாற்றில் இறக்கிவிடலாம் என்கிறார்கள் நண்பர்கள் சிலர். நாம் மறுக்கிறோம். டீசலும் கிரீஸும் ஆற்று மணலில்தான் இறங்கும். அம்மணலில் ஊறுவதே கரையோரக் கிணற்று நீர்.

ஹோஸ் இன்றியும் கழுவலாம். காய்ந்த சேற்றைச் சுரண்டாமல் முதலில் நனைத்து ஊறவிட வேண்டும். கேபின் உச்சியில் தொடங்கி ஈரத்துணியால் கீழ்நோக்கித் துடைத்துவந்தால், வாளியில் மிஞ்சும் அழுக்குநீரே சக்கரங்களுக்குப் போதும். 15 லிட்டர்க் குடம் பத்து என்றால் 150 லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வகுத்திருப்பது 55 லிட்டர். ஆக, ஏறத்தாழ மூவரின் ஒருநாள் நீர்.

2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரால் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். இங்கே அபராதத்தைக் கட்டுவது பெண்களின் இடுப்பு. லாரியின் பளபளப்பை மெச்சுகிறவர்கள், தெருக்குழாயிலிருந்து பத்துக் குடத்தையும் சுமந்து வந்தவள் யார் என்று கேட்பதில்லை. நம் வழக்கே அதுதான். முதியவராய் வந்த இறைவன் அடிமையோலை காட்டிச் சுந்தரரை வழக்கில் வென்றதாகப் பெரியபுராணம் சொல்லும் ஊர் இது. (இப்பெண்களுக்கு ஓலைகூட எழுதப்படவில்லை.) ஓட்டுகிறவரே குடத்தையும் தூக்கட்டும், ஏழு குடமே போதும் என்பது அன்றைக்கே அவருக்கு விளங்கிவிடும்.