பதாகையில் நம் பிள்ளைகள்

சாதாரண தரப் பெறுபேறு வெளியானதும் நகரத்துத் தனியார் பாடசாலைகள் பதாகை கட்டுகின்றன. அவற்றில் நம் லயத்துப் பிள்ளைகளின் முகங்களும் உண்டு. மனமாரப் பாராட்டுகிறோம். (அட்டைக்கடியோடு கொழுந்து பறித்துப் படிக்க வைத்த தாயின் படத்தை மட்டும் காணவில்லை.)

ஆனால், நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் நிலை ஏன்? 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்டத்துரைமாரின் கையிலேயே இருந்தன. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது. இன்றும் பல பாடசாலைகளில் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்க ஆசிரியர் போதாது. அரைப்பேர் விழுந்த மாதத்தில் கட்டணத்துக்கு எங்கே போவது? அந்த வீட்டுப் பிள்ளையும் கெட்டிக்காரப் பிள்ளைதான்.

பெற்றோரே, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குத் தோட்டத் தலைவரையும் அழைத்துச் செல்லுங்கள். எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்பதை எழுதி, கையொப்பமிட்டு, வலயக் கல்விப் பணிமனையில் நேரில் கொடுங்கள்.