வெயிலின் பெயரால் ஒரு சாக்கு

தமிழ்நாட்டில் இருசக்கர வாகனம் ஓட்டுவோரிடையே விவாதத்துக்கே இடமில்லாத உண்மைபோல நிலைபெற்றுவிட்ட கருத்து ஒன்று உண்டு. ரைடிங் ஜாக்கெட்டும் கணுக்காலை மூடும் பூட்ஸும் குளிர்நாட்டாருக்கும் லடாக்குக்குப் பயணம் போகும் இளைஞர்களுக்கும் உரியவை என்றும், கத்திரி வெயிலில் வேலூரிலோ திருச்சியிலோ அவற்றை அணிவது உடலை வேகவைத்துக்கொள்வதற்கு ஒப்பானது என்றும், அரைக்கைச் சட்டையும் செருப்புமே இந்த மண்ணின் தட்பவெப்பத்துக்குப் பொருந்தும் என்றும் அது சொல்கிறது. படித்தவர்களும் கூச்சமின்றி இதைச் சொல்வதற்குக் காரணம், வெயில் என்ற சொல்லுக்கு இங்கே எவரும் மறுப்புக் கூறுவதில்லை என்பதே. ஆனால் வெயில், எந்த உடையை அணிவது என்பதை முடிவுசெய்யும் காரணமே தவிர, உடையே வேண்டாம் என்பதற்கான காரணம் அன்று.

உடல் வெப்பத்தை இழக்கும் முறையிலிருந்து தொடங்கினால் இக்கருத்தின் பிழை தெளிவாகும். மனிதத் தோலின் மேற்பரப்பு வெப்பநிலை வெயில் காலத்தில் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ். காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை, தோலின்மீது வீசும் காற்று உடலிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்லும். சென்னை 2003 மே மாதக் கடைசியில் கண்ட 45 டிகிரியை விட்டுவிட்டாலும், உள்மாவட்டங்களில் ஆண்டுதோறும் பழகிப்போன 40 டிகிரியிலேயே இந்தக் கணக்கு தலைகீழாகி, திறந்த கையில் மோதும் காற்று வெப்பத்தை எடுப்பதற்குப் பதிலாக உடலுக்கு வெப்பத்தைக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறது. அந்நிலையில் உடலுக்கு எஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை ஆவியாதல்தான்: ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் வறண்ட அனல்காற்று திறந்த தோலிலிருந்து வியர்வையை மிக விரைவாக உறிஞ்சிவிடுவதால், ஓட்டுபவர் தமக்கு வியர்க்கவே இல்லை என்று எண்ணிக்கொண்டே நீரிழப்புக்கு ஆளாகிறார். காற்றை அளவோடு உள்ளே விட்டு, நேர்வெயிலையும் தடுக்கும் ஓர் உடை இச்சூழலில் உடலின் வேலையைக் குறைக்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. வயலில் நடவு நடும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வதும், சாலை போடும் தொழிலாளர்கள் தலையிலும் காதிலும் துண்டைச் சுற்றிக்கொள்வதும் இதே அறிவின் வெளிப்பாடுகள். பாலைவனத்து பெதுவின் மக்கள் கறுப்பு அங்கி அணிவதேன் என்று ஆராய்ந்து 1980இல் 'நேச்சர்' இதழில் வெளியான கட்டுரை, தளர்வான கறுப்பு அங்கி கூடுதலாக ஈர்க்கும் வெப்பம் தோலைச் சேரும் முன்பே இடையிலுள்ள காற்றால் வெளியேற்றப்படுகிறது என்பதைக் காட்டியது. நம் நகரங்களிலேயே ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் பலர், முகம் கறுத்துவிடக் கூடாது என்பதற்காகத் துப்பட்டாவால் முகத்தையும் முழங்கை வரையிலான துணிக் கையுறையால் கைகளையும் மூடிக்கொண்டே மே மாதத்தைக் கடக்கிறார்கள். நிறத்துக்காகத் தாங்கப்படும் மூடல், எலும்புக்காகவும் தோலுக்காகவும் என்று சொல்லப்பட்டவுடன் தாங்க முடியாததாகிவிடுவது வியப்புக்குரியது.

எதிர்த்தரப்பின் வாதத்தில் உண்மை இருக்கும் இடத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஈரப்பதம் மிகுந்த கடற்கரை நகரங்களில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. சிவப்பு விளக்கில் வண்டி நிற்கும்போது காற்றோட்டமும் நின்றுவிடுவதால், எவ்வளவு நல்ல ஜாக்கெட்டும் அந்த இரண்டு நிமிடங்களுக்குப் புழுக்கத்தையே தரும். உடல் அளவுக்கு மீறிச் சூடேறினால் கவனம் சிதறும் என்பதும் உண்மையே. இதனால்தான் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 2018இல் தொடங்கப்பட்ட மோட்டோகேப் என்னும் மதிப்பீட்டுத் திட்டம், ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திர மதிப்பும், வெப்பத்தில் உடலுக்கு இசைவாக இருப்பதற்கு வேறொரு நட்சத்திர மதிப்பும் தனித்தனியே வழங்குகிறது. வெயில் நாட்டில் கேட்கப்பட வேண்டிய கேள்வி அதுதான்: இந்த இரண்டையும் ஒருசேரத் தரும் உடை எது?

வெயில் வாதத்துக்குத் துணையாக வருவது வேகத்தைப் பற்றிய வாதம். ஊருக்குள் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு எதற்குக் கவசம் என்று கேட்பவர்கள், விபத்துகள் நெடுஞ்சாலையில் பறக்கும் வண்டிகளுக்கே நேர்கின்றன என்று எண்ணுகிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார்சைக்கிள் விபத்துகளை நிகழ்ந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்து, ஹாரி ஹர்ட் குழுவினர் 1981இல் வெளியிட்ட அறிக்கையின்படி, விபத்துக்குச் சற்று முன் வண்டிகள் சென்ற வேகத்தின் இடைநிலை மதிப்பு மணிக்கு ஏறத்தாழ 48 கிலோமீட்டர். மோதும் கணத்தில் அது ஏறத்தாழ 35. அதாவது ஆராயப்பட்ட விபத்துகளில் சரிபாதி, நம் நகரச் சாலைகளில் மிதமானது எனப்படும் வேகத்திலேயே நேர்ந்திருக்கின்றன. துணிக்கும் தார்ச்சாலைக்கும் இடையிலான உராய்வுக் கெழுவை, அதாவது ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதற்கு எதிரான தடையின் அளவை, 0.6 என வைத்துக் கணக்கிட்டால், 40 கிலோமீட்டர் வேகத்தில் விழுபவர் ஏறத்தாழ 10 மீட்டரும், 60 கிலோமீட்டர் வேகத்தில் விழுபவர் ஏறத்தாழ 24 மீட்டரும் சாலையில் இழுபட்டுச் செல்வார். உராய்வுச் சோதனை எந்திரத்தில் சாதாரண ஜீன்ஸ் துணி ஒரு நொடிகூடத் தாக்குப்பிடிப்பதில்லை. பருத்திச் சட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கவச உடையின் பயனை அளந்த ஆய்வுகளுள் முக்கியமானது, ஆஸ்திரேலியத் தலைநகர்ப் பகுதியில் விபத்துக்குள்ளான 212 பேரை ஆராய்ந்து லிஸ் டி ரோம் குழுவினர் 2011இல் வெளியிட்டது. மோட்டார்சைக்கிளுக்கென்று செய்யப்பட்ட ஜாக்கெட் அணிந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் இடர் 21 விழுக்காடும், அதற்குரிய கால்சட்டை அணிந்தவர்களுக்கு 51 விழுக்காடும், கையுறை அணிந்தவர்களுக்கு 59 விழுக்காடும் குறைந்திருந்தது. இந்த வரிசை ஊன்றி நோக்கத்தக்கது. ஏனெனில் இங்கே கவசம் வாங்க முன்வரும் சிலரும் ஜாக்கெட்டுக்குப் பணத்தைச் செலவிட்டுவிட்டு, கையுறையையும் முழங்காலையும் மறந்துவிடுகிறார்கள். அதே ஆய்வு எலும்பு முறிவைப் பொறுத்தவரை கவசத்தால் குறிப்பிடத்தக்க பயன் எதையும் காணவில்லை. அணிந்திருந்த ஜாக்கெட்டுகளுள் ஏறத்தாழ 30 விழுக்காடு விபத்தில் கிழிந்தும் சிதைந்தும் போயிருந்ததையும் பதிவுசெய்தது. ஆகவே ஜாக்கெட் என்று பெயர் பெற்ற எதுவும் காக்கும் என்ற எதிர்நிலை மூடநம்பிக்கைக்கும் இடமில்லை.

வெயில் காலத்துக்கு உரியது மெஷ் ஜாக்கெட். மார்பிலும் முதுகிலும் கையின் உட்புறத்திலும் காற்று புகும் வலைத்துணியும், தரையில் முதலில் மோதும் தோள், முழங்கை ஆகிய இடங்களில் அடர்ந்த நைலான் அல்லது பாலியஸ்டர் துணியும் வைத்துத் தைக்கப்படும் உடை அது. துணியின் நூல் தடிமன் டெனியர் என்னும் அலகால் குறிக்கப்படும். 9,000 மீட்டர் நீளமுள்ள நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். ஆனால் விளம்பரங்களில் பெரிதாக அச்சிடப்படும் இந்த எண்ணை மட்டும் நம்பி வாங்குவது தவறு. நூல் எதனால் ஆனது, எப்படி நெய்யப்பட்டது, தையல் பிரியுமா என்பனவே உடையின் உறுதியைத் தீர்மானிக்கின்றன. ஐரோப்பியத் தர அளவையான ஈஎன் 17092, உடையை ஏஏஏ, ஏஏ, ஏ முதலிய தரங்களாகப் பிரிக்கிறது. பல மெஷ் ஜாக்கெட்டுகள் பெறும் ஏ தரத்தில், தோள், முழங்கை போன்ற இடர்மிகு பகுதிகள் மணிக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர் வேகத்துக்கு இணையான உராய்வில் சோதிக்கப்படுகின்றன. ஏஏஏ தரத்தில் இது 120 கிலோமீட்டர். நகரத்துக்கு மெஷ் போதும். நெடுஞ்சாலையில் நாள்தோறும் நூறு கிலோமீட்டர் ஓடுபவருக்கு ஏஏ தரமாவது வேண்டும்.

ஜாக்கெட்டுக்குள் செருகப்படும் அதிர்ச்சிதாங்கித் திண்டுகளை ஓட்டுநர்கள் ஆர்மர் என்பார்கள். இவற்றுக்கான ஈஎன் 1621 அளவையில், மோதலின் விசையைச் சராசரியாக 35 கிலோநியூட்டனுக்கு மேல் உடலுக்குக் கடத்தாத முழங்கை, தோள் திண்டுகள் முதல் நிலையையும், 20 கிலோநியூட்டனுக்கு மேல் கடத்தாதவை இரண்டாம் நிலையையும் பெறும். இத்திண்டுகளில் பல, மெல்ல அழுத்தினால் வளைந்து, திடீரென மோதினால் இறுகும் பொருளால் ஆனவை. அப்பொருளின் இயல்பு வெப்பத்தில் மாறக்கூடியது. அதனால்தான் 40 டிகிரி வெப்பத்திலும் சோதித்துத் தேறிய திண்டுகளுக்கு டி பிளஸ் என்னும் குறி கூடுதலாக இடப்படுகிறது. இக்குறி கட்டாயமானதன்று, விருப்பத்தின்பேரில் பெறுவது. வெயிலைக் காரணம் காட்டி ஜாக்கெட்டை ஒதுக்குபவர்கள், வெயிலைக் கருதிக் கேட்க வேண்டிய இந்த ஒரு குறியைக் கடைக்காரரிடம் கேட்டால் அதுவே பயனுள்ள செயலாகும். கடைகளில் இன்னொரு மயக்கமும் உண்டு: உள்ளே இருக்கும் திண்டுக்கு மட்டும் கிடைத்த, சிஇ என்னும் ஐரோப்பியச் சான்று, முழு ஜாக்கெட்டுக்கும் கிடைத்ததுபோல் விளம்பரப்படுத்தப்படுகிறது. சான்று உடையின்மேல் தைத்த சீட்டில் இருக்கிறதா என்று பார்ப்பதே இதற்கு வழி.

ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு வேறொரு மாயை விற்கப்படுகிறது. நீரைத் தடுத்து நீராவியை மட்டும் வெளியே விடும் நுண்துளைச் சவ்வு வைத்த, 'எல்லாப் பருவத்துக்குமான' ஜாக்கெட் அது. கோர்டெக்ஸ் போன்ற இச்சவ்வுகள் வேலைசெய்வதற்கு, உடையின் உட்புறம் வெளிப்புறத்தைவிட வெப்பமும் ஈரமும் மிகுந்ததாக இருக்க வேண்டும்; அந்த வேறுபாடே நீராவியை வெளியே தள்ளும் விசை. ஐரோப்பாவின் 8 டிகிரி மழையில் இவ்வேறுபாடு பெரியது. சென்னையின் நவம்பர் மழையிலோ வெளிக்காற்றே 26 டிகிரியில் ஈரத்தால் நிறைந்திருப்பதால், வேறுபாடு சுருங்கிப்போய், விலையுயர்ந்த சவ்வுக்குள்ளும் ஓட்டுபவர் தம் வியர்வையிலேயே நனைகிறார். மெஷ் ஜாக்கெட்டின் மேல் தொளதொளவென்ற சாதாரண ரெயின்கோட்டை மாட்டிக்கொள்வதே இந்த மழைக்கு ஏற்ற வழி. மழை விட்டதும் அதைக் கழற்றி மடித்து வைத்துவிடலாம்.

மலைப்பகுதிகளின் கதை வேறு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டுப்பாளையத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகைக்கு ஏறும் ஐம்பது கிலோமீட்டர் பாதையில் வெப்பநிலை பொதுவாகப் பன்னிரண்டு டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். மார்கழி அதிகாலையில் 5 டிகிரிக் குளிரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரின் திறந்த தோல், காற்றின் வீச்சால் உறைநிலைக்குக் கீழான குளிரை உணரும். விறைத்த விரல்கள் பிரேக்கைப் பிடிக்கத் தாமதிக்கும். இங்கே தோல் ஜாக்கெட்டுக்கு இடமுண்டு. ஆனால் நாகரிகத்துக்காக விற்கப்படும் மெல்லிய தோல் வேறு, ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமனுள்ள ரைடிங் தோல் வேறு. தோல்போலத் தோன்றும் ரெக்சின் இவ்விரண்டிலும் சேராது. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் தோலால் பெயர்பெற்ற மாநிலத்தில் இந்த வேறுபாடு வாங்குவோருக்குத் தெரியாமலிருப்பது வருந்தத்தக்கது.

எல்லாவற்றினும் கேட்பாரற்றுக் கிடப்பது கால். கியரும் பின்பிரேக்கும் காலால் இயக்கப்படும் வண்டியில், வண்டி சாயும்போது முதலில் அதனடியில் சிக்கும் உறுப்பும் காலே என்றிருக்க, ரப்பர் செருப்போடு ஓட்டுவது இங்கே இயல்பாகவும், மழை பெய்தால் ஷூவைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓட்டுவது சிக்கனமாகவும் கருதப்படுகிறது. மேற்சொன்ன ஆஸ்திரேலிய ஆய்வு, மோட்டார்சைக்கிளுக்கென்று செய்யப்படாத சாதாரண பூட்ஸ்கூட, ஷூ அணிந்தவர்களோடு ஒப்பிடுகையில் பாதக் காயத்தின் இடரைப் பாதிக்கும் கீழே குறைத்ததைக் கண்டது; அந்த ஒப்பீட்டில் செருப்பு இடம்பெறவே இல்லை. தொழிற்சாலை சேஃப்டி ஷூவே போதும் என்பாரும் உண்டு. அது மேலிருந்து விழும் பொருளிலிருந்து விரலைக் காக்கச் செய்யப்பட்டது. ரைடிங் பூட்ஸுக்கான ஈஎன் 13634 அளவையோ, பாதம் பக்கவாட்டில் நசுங்காமல் அடித்தளம் எதிர்க்கிறதா, மேற்பகுதி உராய்வையும் வெட்டையும் தாங்குகிறதா என்று சோதிக்கிறது. இருப்பினும் செருப்பைவிட சேஃப்டி ஷூ பன்மடங்கு மேல் என்பதில் ஐயமில்லை. வெயிலுக்குக் காற்றுத்துளைகள் உள்ள, கணுக்கால் எலும்பை மூடும் குட்டை பூட்ஸே போதும். மழைக்கு நீர்புகா பூட்ஸ் வாங்குபவர் மழைக்கால்சட்டையை அதன் வெளிப்புறமாக இறக்கிவிட வேண்டும். உள்ளே செருகினால் மேலிருந்து வழியும் நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கிவிடும். கயிறு கட்டும் பூட்ஸாக இருந்தால், கியர் லீவரில் மாட்டாதபடி முடிச்சை உள்ளே மடித்துவிடுவது அவசியம்.

விலை என்னும் தடையை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நாள்கூலிக்கு வண்டி ஓட்டுபவரிடம் ஏஏஏ தரத்தைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. ஆனாலும் தேவையைப் புறக்கணிக்க முடியாது: இந்தியாவில் 2022இல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவோ தலைக்கவசத்தோடு நின்றுவிடுகிறது. பணம் குறைவாக இருப்பவர் முதலில் கையுறையும் கணுக்கால் மூடும் காலணியும் வாங்கி, அடுத்து முழங்கால் திண்டும், கடைசியில் ஜாக்கெட்டும் வாங்குவதே மேற்கண்ட சான்றுகளுக்கு ஒத்த வரிசை. ஆனால் பத்து மணிநேரம் வெயிலிலும் மழையிலும் ஓடி உணவு கொண்டுசேர்க்கும் தொழிலாளர்கள் விஷயத்தில் இந்தச் செலவு அவர்கள் தலையில் விழக் கூடாது. சாம்பார் ஆறிவிடாமலிருக்க வெப்பக்காப்புப் பை தயாரித்துக் கொடுக்கும் நிறுவனங்கள், அதைச் சுமப்பவருக்கு நிறுவனத்தின் பெயர் பொறித்த பனியனோடு நிறுத்திக்கொள்கின்றன. அந்தப் பையோடு ஒரு சோடிக் கையுறையும், கணுக்காலை மூடும் காலணியும், ஒரு மெஷ் ஜாக்கெட்டும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று தொழிலாளர் நலத்துறை கட்டாயமாக்க வேண்டும்.