வரலாறு வேலையற்றோர் படிப்பா?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

"வேறு எதுவும் கிடைக்காவிட்டால் வரலாறு!" கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் நாம் ஒவ்வோர் ஆண்டும் கேட்கும் சொல் இது. நானும் அப்படிச் சொன்னவன்தான். பிளஸ் டூ முடித்த என் தங்கை, "அண்ணே, நான் பி.ஏ. வரலாறு சேரட்டுமா?" என்று கேட்டபோது, "உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்ட அறிவாளி நானே! அந்தத் தவற்றை உணர்ந்ததால் இதை எழுதுகிறேன்.

என் தந்தையார் கொத்தனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சென்ற ஆண்டு எங்கள் பள்ளத்தூரில் பழைய வீடு ஒன்றைப் பிரிக்கும் வேலைக்கு அப்பா போயிருந்தார். தேக்குத் தூண்களும் கதவு நிலைகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. கணக்குப் பேரேடுகளை எடைக்குப் போட்டார்கள். அவற்றுள் ஒன்றை அப்பா கேட்டு வாங்கி வந்தார்.

அதைப் புரட்டினேன். தலைப்பிலிருந்த பிள்ளையார் சுழியைத் தவிர எனக்கு ஒன்றும் விளங்கவில்லை! பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனித் தமிழ்க் குறிகள். ஆண்டுகளுக்குப் பிரபவ, விபவ என்ற பெயர்கள். தாளின் வேதியியல் எனக்குத் தெரியும். அந்தத் தாளில் என் ஊர்க்காரர் எழுதியது தெரியவில்லை. நம் கல்லூரி வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரிடம் கொண்டு சென்றேன். அரை மணி நேரத்தில் அவர் அந்தப் பேரேட்டைப் பேச வைத்துவிட்டார்.

அது வீடு கட்டிய கணக்கு. வரவுப் பக்கத்தில் ரங்கூனிலிருந்து வந்த பணம். பற்றுப் பக்கத்தில் கொத்தனார் கூலி, சித்தாள் கூலி, வண்டிக் கூலி. ஒவ்வொன்றுக்கும் நேரே ஆள் பெயர். பிரமோதூத ஆண்டின் (1930-31) நடுவில் ரங்கூன் வரவு குறைகிறது. பிறகு கூலிக் கணக்கே நின்றுவிடுகிறது.

ஏன் நின்றது? 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் பர்மாவில் நெல் விலை சரிந்ததைப் பேராசிரியர் விளக்கினார். விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த அவர்கள் நிலம், 1937இல் நூற்றுக்கு 25 பங்காகியது. நிலம் பெருகியது, கையில் பணம் இல்லை. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவில் நுழைந்தபோது பலர் அதையும் விட்டுவிட்டு ஓடிவர நேர்ந்தது. நிலமிழந்த பர்மிய விவசாயி, பணம் முடங்கிய செட்டியார், வேலையிழந்த பள்ளத்தூர்ச் சித்தாள் ஆகிய மூவரும் ஒரே சங்கிலியின் கண்ணிகள்!

"ஆனால் இந்த ஒரு பேரேட்டை வைத்தே முடிவு கட்டிவிடாதே, வேறு சான்றும் தேடு" என்றார் பேராசிரியர். ஆய்வகத்தில் ஒத்த அளவுகள் கிடைக்கும் வரை தரம் பார்த்தலைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமே, அதே ஒழுக்கம்தானே இது? அறிவியலும் வரலாறும் பகையல்ல. நம் சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்று 2019இல் வெளியான அறிக்கை கூறிற்று. காலத்தைக் கணித்தது அறிவியல். அங்கு வாழ்ந்தோர் யார், எப்படி வாழ்ந்தனர் என்று கேட்பது வரலாறு.

"வேலை கிடைக்குமா?" என்பது நியாயமான கேள்வி. கூலி வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வீட்டில் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. பட்டம் மட்டும் வேலை தராது, என் பி.எஸ்ஸி.யும் தராது. தொல்லியல் துறை, ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், ஆசிரியப் பணி, போட்டித் தேர்வுகள் என்று வழிகள் உண்டு. ஆனால் வழிகாட்டி நூலை மனப்பாடம் செய்து ஆண்டுகளை ஒப்பிப்பவனுக்கு அவை திறவா. பேரேட்டைப் படிக்கத் தெரிந்தவனுக்கே திறக்கும்.

பக்கத்து ஊரான கோட்டையூரை நினைத்துப் பாருங்கள். விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான ரோஜா முத்தையா அங்கு தம் வீட்டில் தமிழ் நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்தபின், அவை சிகாகோ பல்கலைக்கழகத்தின் உதவியோடு சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாயின. பிறர் குப்பை என்றதை அவர் காத்தார்!

எனவே பேராசிரியப் பெருமக்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று: பழைய தமிழ் எண்களைப் படிக்கவும் கல்வெட்டுகளை மசிப்படி எடுக்கவும், விரும்பும் எல்லாத் துறை மாணவர்க்கும் சனிக்கிழமைகளில் கற்றுத் தாருங்கள். இரண்டு: நம் நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்குங்கள், எடைக்குப் போகும் பேரேடுகளை நாங்கள் கொண்டு வருகிறோம்.

தங்கையின் விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். "வரலாறு படிச்சுட்டு என்னத்தா செய்யப்போறே?" என்றார் அப்பா. அவள் பேரேட்டை விரித்து, பேராசிரியர் எனக்குச் சொல்லிக் கொடுத்த கொத்தனார்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

தோழர்களே! வீட்டின் முகப்பில் கட்டியவர் பெயர் இல்லை, கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கைப் படிக்க ஆள் வேண்டாமா?