அடுக்ககங்களில் மின் வாகன சார்ஜிங்: சங்கங்களின் மறுப்புக்கு முடிவு வேண்டும்

மின் வாகனத்தைச் சார்ஜ் செய்ய மலிவான இடம், இரவில் அது நிற்கும் இடம்தான். தனி வீட்டுக்காரருக்கு அது ஒரு எலெக்ட்ரீஷியனின் அரைநாள் வேலை. அடுக்ககத்தில் இருப்பவருக்கு மீட்டர் போர்டு ஒரு மூலையிலும் பார்க்கிங் இன்னொரு மூலையிலும் இருக்கின்றன. இடையில் உள்ள தூணும் கூரையும் எல்லோருக்கும் பொது. அந்தப் பொது இடத்தில் முப்பது அடி கேபிள் இழுக்கவும் சங்கத்தின் சம்மதம் தேவை. சென்னையின் பழைய அடுக்ககங்கள் பலவற்றில் விண்ணப்பம் அங்கேயே படுத்துவிடுகிறது. "பொதுக்குழுவில் வைத்துப் பார்க்கலாம்" என்கிறார் செயலாளர். பொதுக்குழு ஆண்டுக்கு ஒருமுறை கூடுகிறது; அதில் பாதி நேரம் தண்ணீர் லாரிக் கணக்கிலேயே போய்விடுகிறது.

புதிய கட்டடங்களுக்கு வழி சொல்லப்பட்டிருக்கிறது. மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகளில் 2019-ல் செய்யப்பட்ட திருத்தம், பார்க்கிங் இடத்தில் 20 விழுக்காட்டை மின் வாகனங்களுக்கு ஏற்றதாக அமைக்கச் சொல்கிறது. ஏற்கெனவே ஆட்கள் குடியிருக்கும் கட்டடங்களுக்கு இதனால் பயனில்லை. வீட்டு இணைப்பிலிருந்தே வாகனத்தைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள், வாகனத்துக்கென்று தனி இணைப்பைக் கேட்டுப் பெறவும் வகை செய்கின்றன. அதாவது மின்வாரியத்தின் கதவு திறந்தே இருக்கிறது. அடைத்து நிற்பது கட்டடத்துக்குள் இருக்கும் கதவு.

அனுமதி மறுப்பதால் சார்ஜ் செய்வது நின்றுவிடுவதில்லை, மறைவாக நடக்கிறது. மோட்டார் அறைக்குப் பக்கத்தில், காவலாளி போன் சார்ஜ் போடும் பிளக்கில் இரவு பதினொரு மணிக்கு ஒரு ஸ்கூட்டர் வந்து ஒட்டிக்கொள்கிறது. முதல் மாடி ஜன்னல் கம்பி வழியே எக்ஸ்டென்ஷன் ஒயர் கீழே தொங்குகிறது. அதன் முனையில் இருக்கும் பிளக் பெட்டி ஈரத் தரையில் கிடக்கிறது. பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுக்கும் சங்கம், கடைசியில் வாங்கிக்கொள்வது இதைத்தான். மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிகள், வாகனத்தைச் சார்ஜ் செய்ய எக்ஸ்டென்ஷன் ஒயர் கூடவே கூடாது என்கின்றன. கசிவு மின்சாரம் 30 மில்லி ஆம்பியரைத் தாண்டுவதற்குள் இணைப்பைத் துண்டிக்கும் கருவி வேண்டும், சாக்கெட் தரையிலிருந்து 800 மில்லிமீட்டர் உயரத்திலாவது இருக்க வேண்டும் என்பவையும் அவ்விதிகளில் உள்ளன. முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் 2015-லும் 2023-லும் நின்ற வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த 800 மில்லிமீட்டர் போதாது என்பது தெரியும். தாழ்வான பகுதிகளில், அந்தத் தூணில் படிந்த வெள்ளக் கறைக்கு மேலேதான் சாக்கெட் அமைய வேண்டும்.

தீ பற்றிய அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. 2022-ல் இந்தியாவில் மின் ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்து எரிந்தன. அதன் பிறகே பேட்டரிக்கான பாதுகாப்புத் தரம் கடுமையாக்கப்பட்டது. தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் 2024 ஆகஸ்டில் ஓர் அடுக்ககத்தின் நிலத்தடி பார்க்கிங்கில் நின்ற மின் கார் தீப்பிடித்து, நூற்றுக்கும் மேற்பட்ட வாகனங்கள் சேதமடைந்தன. ஆனால் அந்தக் கார் அப்போது சார்ஜரில் இல்லை, சும்மா நின்றுகொண்டிருந்தது. தீயணைப்புத் தெளிப்பான் வேலை செய்யாதபடி பணியாளர் ஒருவர் அதை நிறுத்திவைத்ததும் விசாரணையில் வெளிவந்தது. சார்ஜரைத் தடை செய்திருந்தாலும் அந்தத் தீ பிடித்திருக்கும். தெளிப்பான் ஓடியிருந்தால் இவ்வளவு பரவியிருக்காது. தீக்கு அஞ்சும் சங்கம் முதலில் தன் கட்டடத்தின் தெளிப்பானில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்ப்பது நல்லது.

மின்பளு பற்றிய கேள்வி இதைவிடக் கனமானது. நூறு வீடுகள் உள்ள அடுக்ககத்தில் எல்லோரும் சுவரில் 7.2 கிலோவாட் சார்ஜரை மாட்டி ஒரே நேரத்தில் இயக்கினால் 720 கிலோவாட் வேண்டும். வளாகத்தில் இருக்கும் 500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், வீடுகளின் பளுவை விட்டுவிட்டால்கூட இதைத் தாங்காது. சங்கக் கூட்டங்களில் சொல்லப்படும் கணக்கு இதோடு முடிந்துவிடுகிறது. நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் காருக்கு ஏறத்தாழ 6 யூனிட் போதும், 3.3 கிலோவாட் தரும் சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் அது இரண்டு மணி நேர வேலை. நூறு கார்களுக்கும் சேர்த்து 600 யூனிட். கோடையில் இரவு பத்து மணிக்கு எல்லாப் படுக்கையறைகளிலும் ஏசி ஓடத் தொடங்குவதால் அந்த நேரத்தை விட்டுவிட்டு, நள்ளிரவு ஒரு மணி முதல் காலை ஆறு மணி வரை பிரித்துக் கொடுத்தால் தேவை 120 கிலோவாட். 720 எங்கே, 120 எங்கே! நூறு வீட்டிலும் மின் கார் வரும் நாளும் இன்னும் தொலைவில்தான் இருக்கிறது. கட்டடத்தின் மொத்தப் பளுவைக் கவனித்து, மிஞ்சும் மின்சாரத்தை வண்டிகளுக்குப் பங்கிட்டுத் தரும் கட்டுப்பாட்டுக் கருவிகள் இப்போதே சந்தையில் கிடைக்கின்றன.

இந்தப் பங்கீடு இருக்க வேண்டுமானால், ஆளுக்கு ஒரு கேபிள் இழுத்துக்கொள்ளும் முறைக்கு இடம் தரக் கூடாது. முதலில் வரும் பத்துப் பேர் மிச்சமிருக்கும் பளுவை எடுத்துக்கொள்வார்கள். பதினோராவது ஆள் தலையில் புது டிரான்ஸ்ஃபார்மர் செலவு விழும். கேட்பவருக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சம்மதம் தரும் சங்கமும், மறுக்கும் சங்கத்தைப் போலவே தவறு செய்கிறது. மின் அறையிலிருந்து பார்க்கிங் முழுவதும் ஒரே பொதுத் தடம், வாகனங்களுக்கென்று தனி இணைப்பு, ஒவ்வொரு இடத்துக்கும் சப்-மீட்டர் என்று அமைப்பதே சரி. தடத்தின் செலவைச் சங்கம் முதலில் ஏற்று, பின்னால் சேருபவர்களிடம் பங்கு வாங்கிக்கொள்ளலாம். சார்ஜரின் விலை அவரவர் பொறுப்பு. கார் வைத்திராத முதியவரின் மெயின்டனன்ஸ் பணத்தில் அடுத்த வீட்டுக்காரரின் கார் ஓடக் கூடாது என்ற முணுமுணுப்பு நியாயமானது; சப்-மீட்டர் அதற்கு விடை தருகிறது.

தனி இணைப்பால் வேறொரு நன்மையும் உண்டு. தமிழகத்தில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, படிப்படியாக ஏறும் விகிதத்தில் கணக்கிடப்படுகிறது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் கார் இரண்டு மாதத்தில் 300 யூனிட் இழுக்கும். அதை வீட்டு மீட்டரில் சேர்த்தால், 500 யூனிட்டுக்குள் இருந்த குடும்பம் அந்த வரம்பைத் தாண்டி, கீழ்ப்படிகளுக்கும் கூடுதல் விகிதம் கட்ட நேரிடும்.

இனி சட்டம். ஜெர்மனியில் 2020 டிசம்பர் முதல் அமலில் உள்ள திருத்தத்தின்படி, அடுக்கக உரிமையாளர் சார்ஜிங் வசதி கேட்டால் சங்கம் மறுக்க முடியாது. அதை எப்படி அமைப்பது என்று மட்டும் முடிவு செய்யலாம். செலவு கேட்டவருடையது. வாடகைதாரருக்கும் வீட்டு உரிமையாளரிடம் இதைக் கேட்கும் உரிமை உண்டு. கலிபோர்னியாவில் விண்ணப்பத்துக்கு 60 நாளுக்குள் எழுத்தில் மறுப்பு வராவிட்டால், கூடுதல் விவரம் எதுவும் கேட்கப்படாத நிலையில், அனுமதி கிடைத்ததாகவே பொருள். பொதுக்குழுவுக்காகக் காத்திருக்கும் சென்னைக்காரருக்கு அந்த 60 நாள் பெரிய ஆறுதலாக இருக்கும்.

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மின் ஸ்கூட்டர்களையும் ஸ்ரீபெரும்புதூரிலும் தூத்துக்குடியிலும் மின் கார்களையும் தயாரிக்கும் மாநிலத்தில், அவற்றை வாங்குபவர் ஒரு பிளக்குக்காகச் சங்கத்திடம் கெஞ்சிக்கொண்டிருப்பது ஒவ்வாதது. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின் கீழ் சங்கங்களுக்கான துணைவிதிகளில் இந்த உரிமையை வீட்டுவசதித் துறை வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும். விண்ணப்பத்துக்கு 60 நாளில் பதில், மறுத்தால் பொறியியல் காரணத்தை எழுத்தில் தருதல், வாடகைதாரருக்கும் அதே உரிமை, பொதுத் தடம் அமைத்த இடத்தில் தனிக் கேபிளுக்குத் தடை ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். சங்கங்கள் அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரைக் கொண்டு கட்டடத்தின் பளுவை ஒரு வாரம் இரவும் பகலும் அளந்து வைத்துக்கொண்டால், அடுத்த பொதுக்குழுவில் ஊகத்துக்கு இடமிருக்காது. அந்த அளவை மே மாதத்தில், எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது எடுக்க வேண்டும்.