தாமதித்தது நீதிமன்றமா?

“கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்கில் இழுத்தடிப்பார்கள், போட்டுத் தள்ளியதே சரி.” ஒவ்வொரு என்கவுன்ட்டர் செய்திக்குப் பிறகும் டீக்கடையிலும் குடும்ப வாட்ஸ்அப்பிலும் இதைத்தான் கேட்கிறோம். இதைவிட ஆபத்தான நம்பிக்கை வேறில்லை.

2019 நவம்பர் 27 இரவு, ஹைதராபாத் அருகே ஷம்ஷாபாத்தில் ஓர் இளம் கால்நடை மருத்துவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். மகளைக் காணோம் என்று பதறி ஓடிய குடும்பத்தை, எல்லைத் தகராறு பேசி ஒரு காவல் நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு அலையவிட்டார்கள். வழக்குப் பதியத் தாமதித்ததற்காக மூன்று போலீஸார் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த இரவைக் கோட்டைவிட்டது எந்த நீதிமன்றம்?

விரைவு நீதிமன்றத்துக்கு ஏற்பாடாகியிருந்தது. குற்றப்பத்திரிகைகூட தாக்கலாகவில்லை. டிசம்பர் 6 விடிகாலையில், கைதான நால்வரும் சட்டான்பள்ளியில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போலீஸார் மீது மக்கள் பூத்தூவினார்கள், இனிப்பு வழங்கினார்கள். அந்த ஆரவாரத்தில், புகாரை வாங்காமல் அலைக்கழித்த கதை அமுங்கிப்போனது.

துப்பாக்கியைப் பிடுங்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது காவல்துறை. உச்ச நீதிமன்றம் நியமித்த சிர்புர்கர் ஆணையம் அதை ஏற்கவில்லை. கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டிருக்கிறார்கள் என்றது. 10 போலீஸார் மீது கொலைக் குற்ற விசாரணை நடத்தப் பரிந்துரைத்தது. இறந்தவர்களில் மூவர் சிறார்கள் என்றும் சொன்னது. 2022இல் அந்த அறிக்கை வெளிவந்தபோது பூத்தூவ யாரும் வரவில்லை. நால்வரும் உண்மையிலேயே குற்றவாளிகளா, வேறு யாருக்காவது பங்குண்டா என்று சாட்சிகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல இனி வழியே இல்லை. மகளைப் பறிகொடுத்த பெற்றோருக்கு இதுவா நீதி?

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் 20 தமிழ்த் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. அன்றும் இதே தற்காப்புக் கதைதான். நாம் நம்பவில்லை, கொதித்தெழுந்தோம். சரியாகத்தான் செய்தோம். செத்தவன் ரவுடி என்று போலீஸ் சொன்னதும் அந்தச் சந்தேகம் நமக்கு எங்கே போய்விடுகிறது?

போலீஸ் சுட்டு யார் இறந்தாலும் வழக்குப் பதிய வேண்டும், சம்பந்தமில்லாத வேறு போலீஸார் விசாரிக்க வேண்டும் என்று 2014இலேயே உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டிருக்கிறது. அடுத்த என்கவுன்ட்டருக்குக் கைதட்டும் முன், அது நடந்ததா என்று கேளுங்கள்.